நரம்பைத் தைத்தாச்சு... மூளைக்கு யார் சொல்வது?

மரத்துப்போன கையை எண்ணெய் போட்டுத் தேய்த்தால் உணர்ச்சி திரும்புமா? தேய்ப்பதால் என்ன நடக்கும், என்ன நடக்காது?

கை தவறி விழுந்து உடைகிறது ஒரு கண்ணாடி டம்ளர். பொறுக்கப் போன இடத்தில் மணிக்கட்டில் ஆழமான வெட்டு. ஆஸ்பத்திரிக்கு ஓடினால், தோலோடு சேர்ந்து நரம்பும் அறுந்திருக்கிறது என்கிறார்கள். மைக்ராஸ்கோப் வைத்து முடியைவிட மெல்லிய நூலால் தைத்து, கட்டுப்போட்டு அனுப்பிவைக்கிறார்கள். கை அறுவை சிகிச்சைப் பிரிவுகளில் இது வாடிக்கையான காட்சி.

காயம் ஆறிவிடும். தையலும் பிரித்தாகிவிடும். ஆனால், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் யாருடைய விரலோ என்பதுபோல மரத்துக் கிடக்கும். சட்டைப் பட்டன் போட முடியாது. பூ கட்ட முடியாது. பர்ஸுக்குள் கைவிட்டால் சில்லறை எது, சாவி எது என்று தெரியாது.

வீட்டில் இருக்கும் பெரியவர்கள், "நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்ச்சு விடு. நரம்பு தானா முறுக்கேறும்" என்பார்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தைலம் வரும். டாக்டரோ, "பொறுமையா இருங்க, மாசக்கணக்கு ஆகும்" என்பார்.

ஐந்தாறு மாதம் கழித்து உணர்ச்சி எட்டிப்பார்க்கும்போது புதுக் குழப்பம் ஒன்று சேர்ந்துகொள்ளும். ஆள்காட்டி விரலைத் தொட்டால் நடுவிரலைத் தொட்டதுபோல இருக்கும். பருத்தித் துணி பட்டால்கூட சுரீர் என்று இழுக்கும். 'ஆபரேஷன் தப்பாகிவிட்டதோ' என்ற பயம் வரும். பலர் அந்தக் கையைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

உண்மையில் பெரும்பாலும் எதுவும் தப்பாகியிருக்காது. நரம்பு தன் வேலையைத் தொடங்கிவிட்டது. மூளைக்கு இன்னும் விஷயம் புரியவில்லை, அவ்வளவுதான்.

எது நரம்பு?

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. நாம் பேச்சில் எல்லாவற்றையும் 'நரம்பு' என்றே சொல்கிறோம். கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதும் நரம்பு, கழுத்தில் பிடித்துக்கொள்வதும் நரம்பு, கால் சுளுக்கினால் பிசகுவதும் நரம்பு. ஆனால், புடைத்துத் தெரிவது ரத்தக்குழாய். கழுத்தில் பிடித்துக்கொள்வது தசை. சுளுக்கில் அடிபடுவது பெரும்பாலும் மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்.

மருத்துவர்கள் நரம்பு என்று சொல்வது, மூளைக்கும் தண்டுவடத்துக்கும் உடம்பின் மற்ற பாகங்களுக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் இழைக் கட்டைத்தான். ஒரு கேபிளுக்குள் ஆயிரக்கணக்கான மெல்லிய ஒயர்கள் இருப்பதுபோல, ஒரு நரம்புக்குள் ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கும். தசைப் பிடிப்புக்குக் கேட்கும் தேய்ப்பு, அறுந்த கேபிளுக்குக் கேட்காமல் போவதில் ஆச்சர்யம் இல்லை.

நரம்புக் காயத்தை மூன்று படிகளாகப் பிரித்தவர் ஹெர்பர்ட் செடன் என்ற பிரிட்டிஷ் அறுவை சிகிச்சை நிபுணர். 1943-ல் அவர் வகுத்த பிரிவு இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. முதல் படியில் நரம்பு நசுங்கியிருக்கும், உள்ளே எதுவும் அறுந்திருக்காது. நாற்காலியின் மேல் கையைத் தொங்கப்போட்டுத் தூங்கி எழுந்தவருக்கு மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போவது இந்த வகை. சில நாள்களிலோ சில வாரங்களிலோ தானாகவே சரியாகிவிடும். இரண்டாவது படியில் உள்ளிருக்கும் இழைகள் அறுந்திருக்கும், மேலுறை முழுசாக இருக்கும். அந்த உறையே வழிகாட்ட, இழை மெதுவாக வளர்ந்துவிடும். மூன்றாவதில் நரம்பே துண்டாகியிருக்கும். அதைத் தைத்தாக வேண்டும்.

'எங்க மாமாவுக்கு கை தொங்கிப் போச்சு, தைலம் தேய்ச்சே சரியாப் போச்சு' என்று எல்லா ஊரிலும் ஒரு கதை இருக்கும். கதை பொய்யல்ல. மாமாவுக்கு வந்தது முதல் வகையாக இருந்திருக்கும். தேய்க்காமல் விட்டிருந்தாலும் தேறியிருப்பார். அவருடைய அனுபவத்தை நம்பி மூன்றாம் வகைக்காரர் வீட்டிலேயே தேய்த்துக்கொண்டிருந்தால்தான் ஆபத்து.

ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

அறுந்த நரம்பைத் தைத்தவுடன் மின்சாரம் வந்துவிடாது. காயத்துக்குக் கீழே இருக்கும் பழைய இழைகள் முதலில் சிதைந்து அழிய வேண்டும். 1850-லேயே அகஸ்டஸ் வாலர் இதைக் கண்டறிந்து எழுதினார். அதன்பின் தைத்த இடத்திலிருந்து புது இழைகள் கிளம்பி, காலியான குழாய்களுக்குள் வளர்ந்து போகும். வேகம், நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை 15 முதல் 18 சென்டிமீட்டர். அப்படியானால் ஐந்து, ஆறு மாதம். பைக் விபத்தில் கழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தோள்பட்டை நரம்புப் பின்னல் அறுந்தால், அங்கிருந்து உள்ளங்கை 60 சென்டிமீட்டருக்கும் மேல். ஏறத்தாழ இரண்டு வருடம் ஆகும். நரம்புத் தொடர்பு இல்லாத தசையோ ஒன்று, ஒன்றரை வருடத்துக்கு மேல் காத்திருக்காது. மெலிந்து, பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் வேலை செய்ய முடியாத நிலைக்குப் போய்விடும். தோள்பட்டை நரம்புப் பின்னல் காயத்துக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்ய மருத்துவர்கள் அவசரப்படுவது அதனால்தான்.

நரம்பு எதுவரை வளர்ந்திருக்கிறது என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. அதன் பாதையில் மருத்துவர் விரலால் லேசாகத் தட்டிக்கொண்டே வருவார். வளரும் நுனி இருக்கும் இடத்தில் தட்டும்போது 'சுரீர்' என்று கரன்ட் அடித்ததுபோல இருக்கும். மாதம் ஒருமுறை பார்த்தால் அந்தச் சுரீர் கீழே இறங்கிக்கொண்டே போகும். முதல் உலகப்போர்க் காலத்தில் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் ஜூல் டினெலின் பெயரிலேயே இந்தச் சோதனை அழைக்கப்படுகிறது. பலரும் பயப்படும் அந்தச் சுரீர், பல நேரங்களில் நல்ல செய்தி.

தன் நரம்பைத் தானே வெட்டச் சொன்ன டாக்டர்

நரம்பு திரும்பி வரும்போது உள்ளே எப்படி இருக்கும்? இதைத் தெரிந்துகொள்ள லண்டன் நரம்பியல் மருத்துவர் ஹென்றி ஹெட் செய்த காரியம் கொஞ்சம் அதிரவைக்கும். நோயாளிகள் சொல்லும் விவரம் அவருக்குப் போதவில்லை. 1903 ஏப்ரலில், தன் இடது கையில் தோலுணர்ச்சிக்கான நரம்புகளைச் சக மருத்துவர் ஒருவரை வைத்து வெட்டச் சொல்லி, உடனே தைக்கவும் செய்தார்.

அதன்பிறகு நான்கு வருடத்துக்கும் மேலாக கேம்பிரிட்ஜுக்குப் போய் வந்தார். அங்கே நண்பர் ரிவர்ஸின் அறையில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். ரிவர்ஸ் பஞ்சாலும் ஊசியாலும் பனிக்கட்டியாலும் தொட்டுத் தொட்டுக் குறித்துக்கொள்வார். நம் நீலகிரிக்கு வந்து தோடர்களைப் பற்றி ஆய்வு செய்து, 1906-ல் புத்தகம் வெளியிட்ட அதே ரிவர்ஸ்தான் இவர்.

முதலில் திரும்பியது முரட்டு உணர்ச்சி. ஊசி லேசாகப் பட்டாலும் அளவுக்கு மீறிய வலி. தொட்ட இடம் ஒன்று, உணரும் இடம் வேறொன்று. மென்மையான தொடுகை, தொட்ட இடத்தைச் சரியாகச் சொல்லும் திறன் எல்லாம் வெகு காலம் கழித்துதான் வந்தன. இவர்கள் 1908-ல் வெளியிட்ட விளக்கத்தைப் பின்னால் வந்த பலர் ஏற்கவில்லை. ஆனால், ஹெட் குறித்துவைத்த அந்த அனுபவத்தைத்தான் இன்று மணிக்கட்டில் தையல் போட்டுக்கொண்டவர்களும் சொல்கிறார்கள்.

மூளைக்குள் ஒரு வரைபடம்

இந்தக் குழப்பம் ஏன்? பாதிப் பதில் கையில் இருக்கிறது. புதிதாக வளரும் இழைகள் எல்லாம் பழைய வீட்டுக்கே போய்ச் சேர்வதில்லை. ஆள்காட்டி விரலுக்குப் போக வேண்டியது நடுவிரலுக்குப் போய்விடலாம். எவ்வளவு திறமையான சர்ஜனாலும் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக ஜோடி சேர்க்க முடியாது.

மீதிப் பதில் மூளையில் இருக்கிறது. உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் மூளையின் மேற்பரப்பில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கனடாவின் மான்ட்ரியலில் பணியாற்றிய வைல்டர் பென்ஃபீல்ட் 1937-ல் இந்த வரைபடத்தை வெளியிட்டார். கைக்கும் உதட்டுக்கும் அதில் பெரிய இடம், முதுகுக்குச் சின்ன இடம்.

இந்த வரைபடம் கல்லில் செதுக்கியது அல்ல என்று காட்டியவர்கள் மைக்கேல் மெர்செனிக், ஜான் காஸ் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள். 1980-களில் குரங்குகளின் கையில் ஒரு நரம்பைத் துண்டித்து, மூளையில் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். செய்தி வராமல் சும்மா கிடந்த பகுதியை, கையின் மற்ற பாகங்கள் வந்து பிடித்துக்கொண்டன. நரம்பைத் தைத்த குரங்குகளில், செய்தி திரும்ப வந்தபோது வரைபடம் துண்டு துண்டாகக் கலைந்து கிடந்தது. வெளியூர் போய் வந்த வீட்டுக்காரர் திரும்பிவந்து பார்த்தால், அறையெல்லாம் ஆள் மாறிக் கிடந்த கதைதான்.

மனிதர்களிடம் இதை எளிமையாகக் காட்டியவர் தமிழகத்தில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன். 1990-களில் அமெரிக்காவின் சான் டியாகோவில், கையை இழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டார். இல்லாத கையின் விரல்களைத் தொடுவதாக அவர் சொன்னார். மூளையின் வரைபடத்தில் முகமும் கையும் பக்கத்துப் பக்கத்து வீடு. கண்ணாடிப் பெட்டி வைத்து, நல்ல கையின் பிம்பத்தைக் காட்டி, இல்லாத கையின் வலியைக் குறைக்க அவர் உருவாக்கிய முறை இன்று பல பிசியோதெரபி கூடங்களில் இருக்கிறது.

தேய்ப்பதால் என்ன பயன்?

இப்போது எண்ணெய்க் கிண்ணத்துக்கு வருவோம். சித்த மருத்துவத்தில் 'தொக்கணம்' என்று இதற்குத் தனிப் பெயரே உண்டு. 32 வகைப் புற மருத்துவ முறைகளில் ஒன்று இது. தட்டல், பிடித்தல், அழுத்தல், அசைத்தல் என்று அதற்குள்ளேயே ஒன்பது வகை. தேய்ப்பதும் பிடித்துவிடுவதும் நம் ஊருக்குப் புதிதல்ல.

தேய்த்தால் அறுந்த நரம்பு ஒட்டும், வேகமாக வளரும் என்று சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால், மசாஜுக்குச் செய்வதற்கு வேறு வேலைகள் இருக்கின்றன. காயம் நன்றாக ஆறியபின் தழும்பைச் சின்னச் சின்ன வட்டமாக அழுத்தித் தேய்த்தால், அது அடியிலுள்ள தசைநாரோடு ஒட்டி இறுகுவதைக் குறைக்கலாம். விரலிலிருந்து மேல்நோக்கித் தடவும்போது வீக்கம் வடிய உதவும். பயன்படுத்தாத மூட்டுகள் விறைத்துப்போகாமல், மடக்கி நீட்டும் பயிற்சிக்குக் கையைத் தயாராக்கும். நரம்பு போன இடத்தில் வியர்வை சுரக்காது. தோல் வறண்டு வெடிக்கும். அதற்கு எண்ணெய் நல்ல காவல்.

இன்னொரு பலனும் உண்டு. முன்கை, புறங்கை போன்ற ரோமமுள்ள தோலில், மெதுவான வருடலுக்கென்றே தனி நரம்பிழைகள் இருப்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடினால் அவை நன்றாகத் துடிக்கின்றன. அம்மா குழந்தையை வருடுவது கிட்டத்தட்ட அதே வேகம். மாதக்கணக்கில் வலியோடு இருப்பவருக்கு அந்த ஆறுதல் சாதாரண விஷயமல்ல.

எல்லாவற்றுக்கும் மேலாக, தொடுகை என்பது மூளைக்குப் போகும் செய்தி. டி.வி பார்த்துக்கொண்டே ஒருவர் தேய்க்க, போன் பார்த்துக்கொண்டே இன்னொருவர் கையை நீட்டிக்கொண்டிருந்தால் மூளை பெரிதாகக் கற்றுக்கொள்ளாது. கவனம் இருந்தால்தான் பாடம் ஏறும்.

அரிசிப் பாத்திரத்தில் ஒரு பள்ளிக்கூடம்

கவனத்தோடு தொட்டு மூளைக்குக் கற்றுக்கொடுக்கும் இந்தப் பயிற்சிக்கு 'உணர்ச்சி மறுபயிற்சி' என்று பெயர். பிரிட்டனில் வின் பாரி, அமெரிக்காவில் லீ டெலன் போன்ற மருத்துவர்கள் 1960, 70-களில் இதை முறைப்படுத்தினார்கள். செலவே இல்லாத இந்தப் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை கற்றுக்கொண்டால், வீட்டிலேயே தொடரலாம்.

நரம்பு இன்னும் வந்து சேராத மாதங்களில், மரத்த விரலைப் பார்த்துக்கொண்டே தொட வேண்டும். அதே இடத்தில் நல்ல கையிலும் தொட்டுப் பார்க்க வேண்டும். கண் பார்ப்பதை வைத்து மூளை அந்த இடத்தை மறக்காமல் வைத்திருக்கும். கண்ணாடிப் பயிற்சியும் இந்தக் கட்டத்தில் பயன்படும். ஸ்வீடனின் மால்மோ நகரில் கோரான் லுண்ட்போர்க் குழுவினர் ஒருபடி மேலே போய், விரல் நுனிகளில் குட்டி மைக் பொருத்திய கையுறை செய்தார்கள். எதையாவது தடவினால் அந்த உராய்வுச் சத்தம் காதில் கேட்கும். தொட முடியாத கை, கேட்டுத் தெரிந்துகொண்டது.

உணர்ச்சி எட்டிப்பார்த்தபின் பாடம் மாறும். ஓர் இடத்தைத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு எங்கே என்று சொல்ல வேண்டும். கண்ணைத் திறந்து சரிபார்க்க வேண்டும். மறுபடி கண்ணை மூடிக்கொண்டு தொட வேண்டும். அடுத்து துணி, துண்டு, தேங்காய்நார் என்று சொரசொரப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு ஒரு பாத்திரத்தில் அரிசியைக் கொட்டி, அதற்குள் நாணயம், பட்டன், சாவி, கொண்டைக்கடலை எல்லாம் புதைத்துவைத்துப் பார்க்காமலே தேடி எடுக்க வேண்டும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வேண்டாம். பத்துப் பத்து நிமிடமாக, தினம் மூன்று நான்கு முறை போதும்.

பஞ்சு பட்டாலே சுரீர் என்கிறவர்களும் கையை மூடி வைக்கக் கூடாது. தாங்கக்கூடிய மிருதுவான பொருளில் தொடங்கி, பழகப் பழகச் சொரசொரப்பைக் கூட்ட வேண்டும். பஞ்சு, பழைய வேட்டித் துணி, துண்டு, பயறு என்று ஏறலாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சீக்கிரம் வசப்படும். அவர்களின் மூளை எளிதில் மாறிக்கொள்வதே காரணம் என்று மால்மோ குழுவினர் விளக்குகிறார்கள். பெரியவர்களுக்கு நேரம் கூடுதலாகும். முழுசாகப் பழையபடி வராமலும் போகலாம். ஆனால், பட்டன் போடவும் சில்லறை எடுக்கவும் கை பழகுவதே பெரிய வெற்றிதான்.

மூச்சை இழுத்தால் முழங்கை மடங்கும்

மூளை எவ்வளவு தூரம் கற்றுக்கொள்ளும் என்பதற்கு வியப்பான உதாரணம் ஒன்று உண்டு. பைக் விபத்தில் தோள்பட்டை நரம்புகள் தண்டுவடத்திலிருந்தே பிய்ந்துவிட்டால் தைக்க வழியில்லை. அப்போது, விலா எலும்புகளுக்கு நடுவே மூச்சுக்கு உதவும் நரம்புகள் சிலவற்றை எடுத்து, முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு இணைப்பார்கள்.

மாதங்கள் கழித்து அந்தத் தசை துடிக்கத் தொடங்கும். ஆனால், 'கையை மடக்கு' என்றால் மடங்காது. மூச்சை ஆழமாக இழுத்தால் மடங்கும்! மூளையைப் பொறுத்தவரை அது இன்னும் மூச்சு நரம்புதான். நோயாளி தினமும் மூச்சை இழுத்து இழுத்துக் கையை மடக்கிப் பழகுகிறார். ஒரு வருடம், அதற்கு மேல் போனபின், மூச்சைப் பற்றி நினைக்காமலே கை மடங்க ஆரம்பிக்கிறது. பேசிக்கொண்டே டம்ளரை வாய்க்குக் கொண்டுபோக முடிகிறது. தசை மாறவில்லை, நரம்பும் மாறவில்லை. மூளை தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டது.

சூடு... ஜாக்கிரதை!

மரத்த கைக்கு நாம் அன்போடு செய்யும் பெரிய தவறு, சூடான ஒத்தடம். கொடுப்பவருக்கு இதமாக இருக்கும் சூடு, உணர்ச்சி இல்லாத தோலைக் கொப்பளிக்க வைத்துவிடும். வலிக்காததால் யாருக்கும் தெரியாது.

இதன் விபரீதத்தை உலகுக்குச் சொன்ன இடம் நம் வேலூர். 1946-ல் வேலூர் சி.எம்.சி-க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழவில்லை, வலி தெரியாததால் பட்ட காயங்களே விரல்களைத் தின்றன என்று கண்டறிந்தார். சூடான பாத்திரம், அழுத்திப் பிடித்த கருவி, தூக்கத்தில் எலி கடித்ததுகூடத் தெரியாத கை. தசைநாரை இடம் மாற்றி மடங்கிய விரல்களை நிமிர்த்திய அவர், அந்தக் கையைத் தினமும் கண்ணால் பார்த்துக் காக்கவும் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகளுக்கும் இதே பாடம் பொருந்தும்.

வீட்டில் கவனிக்க...

* வெட்டுக்காயத்துக்குப் பின் விரல் மரத்திருந்தாலோ, மடங்காமல் போனாலோ, தோலைத் தைத்ததோடு நிறுத்தாமல் நரம்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

* எலும்பு முறிவு, ஆறாத புண், திடீர் வீக்கம் இருக்கும்போது தேய்க்கவோ உருவவோ கூடாது. நரம்பைத் தைத்த முதல் வாரங்களில் கையை இழுப்பதும் ஆபத்து.

* எண்ணெயைச் சூடாக்க வேண்டாம். குளிக்கும் தண்ணீரை நல்ல கையால் தொட்டுப் பாருங்கள். தினமும் இரவில், மரத்த கையில் சிவப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

* முகமோ ஒரு பக்கக் கை, காலோ திடீரென்று செயலிழந்தால் தைலத்தைத் தேடாதீர்கள். அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

* சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மற்ற ஊர்களில் உள்ளவர்கள், அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் விசாரிக்கலாம்.

வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இன்று சாயங்காலம் எண்ணெய் தேய்த்துவிடும்போது டி.வி-யை நிறுத்திவிட்டு, "இப்ப எந்த விரலைத் தொடுறேன், சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். முதல் நாள் தப்பாகத்தான் சொல்வார். பரவாயில்லை, விரலைக் காட்டிவிட்டு மறுபடி தொடுங்கள்.